வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: ரின்னில் வரும் வேகம்

மாகாண மட்டப் போட்டிகள் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை விளையாட்டு வீரர்களுக்கான சத்து மா, மாத்திரை, பானம் ஆகியவற்றைப் பற்றியே கேட்கின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தமையால் ஐந்து கடிதங்களைத் தெரிந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனது மகனுக்கு 17 வயது. பாடசாலை அணியில் 1500 மீற்றரும் 5000 மீற்றரும் ஓடுகிறான். புரத மாவும் கிரியேற்றினும் எடுக்காமல் மாகாணத்தில் வெல்ல முடியாது என்று உடற்பயிற்சி நிலையத்தில் பழகிய ஓர் அண்ணா சொல்லியிருக்கிறாராம். ஒரு ரின்னின் விலை எங்கள் வீட்டு மாதச் சாமான் செலவுக்குக் கிட்ட வருகிறது. வாங்கிக் கொடுக்கத்தான் வேண்டுமா? (ஒரு தாய், சாவகச்சேரி)

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தைச் சாப்பாட்டில் போடுங்கள். ஏன் என்பதை மகனுக்கும் வாசித்துக் காட்டக்கூடிய விதத்தில் எழுதுகிறேன், ஏனெனில் தாய் சொல்வதை விட ஜிம் அண்ணா சொல்வது இந்த வயதில் காதில் ஏறும்.

கடும் பயிற்சி செய்யும் ஒருவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதுமானது என்பது விளையாட்டுப் போசணை வல்லுநர்களின் பொதுவான கணிப்பு. மகன் 52 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 62 முதல் 104 கிராம் வரை வரும். காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் பருப்பும் ஒரு பெரிய துண்டு மீனும், பின்னேரம் ஒரு கோப்பை அவித்த பயறு அல்லது கடலை, இரவு ஒரு தம்ளர் பால் என்று எடுத்து, சோற்றிலும் புட்டிலும் உள்ள புரதத்தையும் கூட்டினால் 75 கிராமைத் தாண்டிவிடும். ரின்னில் உள்ள மாவும் பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதந்தான். சமைக்கவோ மெல்லவோ நேரமில்லாத இடத்தில் அது வசதி. மீனும் முட்டையும் கிடைக்கும் வீட்டில் அதற்கென்று தனிச் சக்தி எதுவும் கிடையாது.

தசையில் இயல்பாகவே உள்ள பொருளான கிரியேற்றின் வேறு கதை. அது வேலை செய்யும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அது எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி. தசையானது முதற் சில செக்கன்களுக்கு வெடித்தெழும் ஆற்றலைக் கிரியேற்றின் பொசுபேற்றிலிருந்தே பெறுகிறது. ஆகவே விரைவோட்டம், குண்டெறிதல், பாரம் தூக்குதல், நிறுத்தி நிறுத்தி மீண்டும் மீண்டும் பாய வேண்டிய ஆட்டங்கள் ஆகியவற்றில் அது உதவுகிறது. 5000 மீற்றர் ஓட்டத்தில் தசைக்குக் கிடைக்கும் ஆற்றலின் மிகப் பெரும்பகுதி ஒட்சிசனைக் கொண்டு மாச்சத்தையும் கொழுப்பையும் எரிப்பதால் வருவது. அதற்குமேல், கிரியேற்றின் எடுக்கத் தொடங்கியதும் தசையில் நீர் தங்கி உடல் எடை ஒன்று அல்லது இரண்டு கிலோ கூடுவது வழக்கம். அந்த எடையைப் பன்னிரண்டரைச் சுற்றும் காவிக்கொண்டு ஓட வேண்டியவர் உங்கள் மகன். மேலும், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இதனை எடுப்பதைக் குழந்தை மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை.

நான் பார்க்கும் பாடசாலை ஓட்டக்காரரிடம் உண்மையில் குறைவாக இருப்பவை இரண்டு. ஒன்று, மாச்சத்து. விடியற்காலை வெறும் பிளேன்ரீயோடு மைதானத்துக்குப் போய், பயிற்சி முடிந்ததும் அவசரத்தில் ஒரு துண்டு பாணைக் கடித்துக்கொண்டு வகுப்புக்கு ஓடும் பிள்ளையின் தசையில் கிளைக்கோசன் (தசை சேமித்து வைக்கும் மாச்சத்து) எப்படி நிறையும்? பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம், முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இடியப்பமோ புட்டோ முட்டையுடன் என்று பழக்கிப் பாருங்கள். மற்றையது நித்திரை. இரவு பத்து மணி வரை ரியூசன், காலை ஐந்து மணிக்கு மைதானம் என்றால் எந்த ரின்னாலும் அதை ஈடுசெய்ய இயலாது.

கேள்வி: எனக்கு 34 வயது, ஆசிரியர். அரை மரதன் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன். பீற்றூட் சாறும் கோப்பியும் தாக்குப்பிடிக்கும் ஆற்றலைக் கூட்டும் என்கிறார்களே, உண்மையா? (ஆசிரியர், கோப்பாய்)

பதில்: இரண்டிலும் உண்மை உண்டு. சர்வதேச ஒலிம்பிக் குழு 2018 இல் வெளியிட்ட நிபுணர் அறிக்கையில், செயற்றிறனை நேரடியாக உயர்த்துவதற்கு நல்ல ஆதாரமுள்ளவையாக ஐந்தே பொருட்கள் குறிப்பிடப்பட்டன: கஃபீன், கிரியேற்றின், நைத்திரேற்று, பீற்றா அலனின், சோடியம் இருகாபனேற்று. கடைசியாகச் சொன்னது நமது அடுக்களையில் இருக்கும் அப்பச்சோடாவேதான். அதைப் போட்டிக்கு வேண்டிய அளவில் குடித்தவர்களிற் பலர் ஓட்டப் பாதையை விட்டுக் கழிவறையைத் தேடியிருக்கிறார்கள் என்பதால் நான் எவருக்கும் சொல்வதில்லை.

பீற்றூட்டின் இரகசியம் நைத்திரேற்று. நாக்கில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாக மாற்ற, உடல் அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்குகிறது. இரத்தக் குழாய்கள் விரிவதோடு, அதே வேகத்தில் ஓடுவதற்குத் தசைக்குத் தேவைப்படும் ஒட்சிசன் சற்றுக் குறைகிறது. 310 முதல் 560 மில்லிகிராம் வரையான நைத்திரேற்றை ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பாக எடுத்தால், போட்டி நேரத்தில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை முன்னேற்றம் காணப்படலாம். உயர்மட்ட வீரர்களில் இப்பயன் குறைவு. உங்களைப் போன்று ஓரளவு பயிற்சி பெற்றவர்களிடமே கூடுதலாகத் தெரிகிறது. அன்று காலை கிருமிநாசினி கலந்த வாய்க்கழுவியால் கொப்பளித்தால் அந்தப் பற்றீரியாக்கள் அழிந்து, குடித்த சாறு பெரும்பாலும் வீணாகிவிடும். வலிகாமத்துச் செம்மண்ணில் விளையும் பீற்றூட் உங்களுக்கு வாசலில் கிடைக்கிறது. கீரையிலும் நைத்திரேற்று நிறைய உண்டு. சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டியதில்லை.

கஃபீனைப் பொறுத்தவரை, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் முன்னர் எடுப்பது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் குறைந்தபட்ச அளவான 180 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய இரண்டு கோப்பை கடுங்கோப்பி. அதற்கு மேலே போகப் போகப் பயன் கூடுவதில்லை. நெஞ்சுப் படபடப்பும் நடுக்கமுந்தான் கூடும். நமது வீட்டுக் கோப்பியில் கொத்தமல்லியும் சுக்கும் எவ்வளவு, கோப்பி எவ்வளவு என்பது இடித்தவருக்கே வெளிச்சம் என்பதால், பயிற்சி நாளொன்றில் பரீட்சித்துப் பார்த்த பின்னரே போட்டி நாளில் அதை நம்புங்கள். இருதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் உங்கள் வைத்தியரைக் கேளுங்கள்.

இவ்விரண்டையும் விட அரை மரதனில் உங்களுக்குக் கைகொடுப்பது வழியில் எடுக்கும் மாச்சத்து. ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை எடுக்கலாம். விலையுயர்ந்த ஜெல் பைக்கற்றுக்குப் பதிலாகப் பனங்கட்டியைச் சிறு துண்டுகளாக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாலும் தசை வித்தியாசம் பார்ப்பதில்லை.

கேள்வி: நான் வலைப்பந்தாட்டம் விளையாடும் மாணவி, சைவ உணவு மட்டுமே உண்பவள். அண்மைக் காலமாக விரைவில் களைத்துப்போகிறேன். இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடலாமா? (மாணவி, பருத்தித்துறை)

பதில்: பரிசோதிக்காமல் போட வேண்டாம், ஆனால் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம், தங்கச்சி. மாதவிடாயும் சைவ உணவும் கடும் பயிற்சியும் சேரும்போது இரும்புக் குறைபாடு ஏற்படுவது சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால், அச்சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். குறைபாடு உறுதியானவருக்கு இரும்பு மாத்திரை தருகிற முன்னேற்றத்தை வேறெந்தச் சத்து மாவும் தராது. குறைபாடு இல்லாதவருக்கோ அதனால் பயனில்லை, மிகுந்தால் ஈரலுக்குக் கேடும் உண்டு. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டைக் காவுவோருக்கும் இரத்தம் குறைவாகக் காட்டும்; அவர்களுக்குக் கண்மூடித்தனமாக இரும்பு கொடுப்பது தவறு. சைவ உணவு உண்பவரென்பதால் விற்றமின் பி12 அளவையும் கேட்டுப் பாருங்கள்.

அதுவரைக்கும் ஒரேயொரு பழக்கத்தை மாற்றுங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடித்து, சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மூலிகையால் ஆனவை என்று விற்கப்படும் சத்துப் பொருட்களை எமது அணிக்குக் கொடுப்பதில் தடை ஏதும் உண்டா? (பயிற்றுநர், வட்டுக்கோட்டை)

பதில்: தேசிய மட்டத்துக்குப் போகக்கூடிய பிள்ளைகளென்றால் கொடுக்காதீர்கள், ஐயா. துடுப்பாட்ட வீரர் உபுல் தரங்க, 2011 உலகக் கிண்ணத் தொடரின்போது எடுக்கப்பட்ட மாதிரியில் தடைசெய்யப்பட்ட பதார்த்தம் காணப்பட்டமையால் மூன்று மாதங்கள் விளையாட முடியாமற் போனார். தோள் வலிக்கென எடுத்த மூலிகை மருந்தே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உடலில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு வீரருடையதே என்பதுதான் ஊக்கமருந்து விதி. பயிற்றுநர் தந்தார் என்ற விளக்கம் தண்டனையைக் குறைக்க உதவலாம், மாதிரியை மாற்றாது.

லேபலை வாசித்துத் தப்பிவிடலாம் என்றும் நினைக்க முடியாது. 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருட்களைச் சோதித்து 2004 இல் வெளியான ஆய்வொன்றில், 94 பொருட்களில் லேபலில் எழுதப்படாத ஸ்ரீரொயிட் வகைகள் காணப்பட்டன. அதாவது ஏழில் ஒன்று. சுதந்திரமான ஆய்வுகூடம் தொகுதி தொகுதியாகச் சோதித்த முத்திரை உள்ளவற்றில் ஆபத்துக் குறைவு. விளையாட்டில் தடைசெய்யப்பட்ட பதார்த்தங்களின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் சனவரி முதலாந் திகதி புதுப்பிக்கப்படுவதால், பழைய பட்டியலை அலுமாரியில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

கேள்வி: நாள்தோறும் விற்றமின் சி, ஈ மாத்திரைகள் போட்டால் களைப்பு வராதா? (வாசகர், நல்லூர்)

பதில்: வரும். பயிற்சியின்போது உடலில் உருவாகும் ஒட்சியேற்றிகளே, தசையை அடுத்த முறைக்குத் தயாராகும்படி தூண்டும் செய்தியாகவும் இருக்கின்றன. ஒட்சியேற்றிகளை அடக்கும் இவ்விற்றமின்களைப் பெரிய அளவில் எடுப்பது அந்தச் செய்தியை மழுங்கடிக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொய்யாப்பழம் சாப்பிடுங்கள்.