கொத்தனார் கையில் வெடிப்பு: கையுறை போட்டும் ஏன் ஆறவில்லை?

கேள்வி: என் கணவர் 22 வருடமாகக் கொத்தனார். ஒரு வருடமாக இரண்டு கைகளிலும் அரிப்பு, நீர்க்கொப்புளம், வெடிப்பு. பொங்கலுக்கு ஊரில் பத்து நாள் இருந்தபோது ஆறியது. வேலைக்குப் போனதும் திரும்ப வந்துவிட்டது. மெடிக்கலில் கொடுத்த டியூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் கூடுகிறது. தோல் கையுறை வாங்கிக் கொடுத்தேன். இப்போது மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. ஒட்டிக்கொள்ளுமோ என்று மகளைத் தொடவே தயங்குகிறார். இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத சிமெண்ட் இப்போது மட்டும் செய்யுமா?

பதில்: இது ஒட்டுவாரொட்டி இல்லை. மகளுக்கு அவர் தாராளமாகத் தலை வாரிவிடட்டும், ஒரே தட்டில் சாப்பிடட்டும். இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் ஊருக்குப் போனால் ஆறுகிறது, வேலைக்குப் போனால் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. சிமெண்டால் வரும் தோல் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சிமெண்ட் இரண்டு விதமாகக் கெடுக்கும். ஈரக் கலவையின் காரத்தன்மை மிக அதிகம், அதை அளக்கும் பிஎச் கணக்கில் 12, 13 வரை போகும். அந்தக் காரம் தோலின் எண்ணெய்ப்பசையை அரித்துவிடும், மணல் உராய்ந்து மேலும் புண்ணாக்கும். இது யாருக்கும் வரலாம். இன்னொன்று ஒவ்வாமை. சிமெண்டில் மிகச் சிறிய அளவில் கரையும் குரோமியம் இருக்கிறது. வெடித்த தோல் வழியாக அது உள்ளே போய்க்கொண்டே இருந்தால், ஒருநாள் உடல் அதை எதிரியாகப் பதிந்துவைத்துக்கொள்ளும். அதற்கு மாதங்களும் ஆகலாம், பல வருடங்களும் ஆகலாம். பதிந்தபின் துளி பட்டாலும் போதும். 22 வருடம் கழித்து வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இனி அந்தக் கையுறை. நீங்கள் அக்கறையோடுதான் வாங்கினீர்கள். ஆனால் பெரும்பாலான தோல் பொருட்கள் குரோமியம் உப்பில் பதனிடப்பட்டவை. வியர்வையில் அது ஊறி வெளியே வரும். எதற்கு ஒவ்வாமையோ அதையே கையில் மாட்டிவிட்டது போல ஆகிவிட்டது. அதை நிறுத்திவிடுங்கள். தோல் செருப்பு, வாட்ச் வார் பட்ட இடத்திலும் அரிக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கையுறையில் சேர்க்கும் ரசாயனங்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே மெல்லிய பருத்தி உறை, மேலே முழங்கை வரை வரும் கனமான நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) உறை நல்லது. உறைக்குள் கலவை புகுந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். உள்ளேயே கிடந்தால் தோலை வேகவைத்துவிடும்.

நான் பார்த்த பல வேலை இடங்களில் கரண்டியும் பாண்டும் அலசுகிற அதே டிரம்மில்தான் கையும் கழுவுகிறார்கள். அது சிமெண்ட் கரைந்த தண்ணீர். கைக்கென்று தனியாக ஒரு குடம் நல்ல தண்ணீர், காரம் குறைந்த சோப்பு, துடைத்ததும் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய். மண்ணெண்ணெய், தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது.

அந்த டியூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இப்படி விற்பவற்றில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். சிலவற்றில் இருக்கும் நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தே தனி ஒவ்வாமையைக் கிளப்பும். ஸ்டீராய்டு தேவைதான், எவ்வளவு, எத்தனை நாள் என்பதைத் தோல் மருத்துவர் சொல்லட்டும். படர்தாமரை இல்லை என்பதையும் அவர் உறுதி செய்துவிடுவார்.

பெரிய அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் 'பேட்ச் டெஸ்ட்' பற்றிக் கேளுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வியர்க்கும் வேலையும் கூடாது. இந்த ஒவ்வாமை ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

குரோமியம் ஒவ்வாமை உறுதியானால் அது எளிதில் போகாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலையை விட்டவர்களுக்கும் நீடிப்பதுண்டு. அதனால் அவசரப்பட்டுத் தொழிலை விடச் சொல்ல மாட்டேன். கலவையைக் கையால் தொடாத வேலையாக, அளவு பார்ப்பது, கம்பி கட்டுவது என்று மாற்ற முடியுமா என மேஸ்திரியிடம் பேசிப் பாருங்கள்.

'கை சுத்தம் போதாது' என்று இவர்களையே குறை சொல்வதைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். டென்மார்க்கில் 1980களிலேயே சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்த்து இந்தக் குரோமியத்தைக் குறைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. மூட்டையிலேயே சரிசெய்யக்கூடிய விஷயம் இது.

வெடிப்பில் சீழ், காய்ச்சல், கை வீக்கம் இருந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்த டியூபையும் கையுறையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.