கனடாவுக்கு முதல் பயணம்: ஆறு மாதத்துக்குக் கைச்செலவு எவ்வளவு வேண்டும்?

தங்கச்சி, ஹட்டனிலிருந்து முதல் தடவையாக வெளிநாடு வருகிறாய், டொரொன்டோ நகரத்து ஸ்கார்பரோவில் அக்கா வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகிறாய், சாப்பாடும் படுக்கையும் அங்கேயே, அப்படியென்றால் கைச்செலவுக்கு 1,000 டொலர் போதுமா, அதைத் தாளாகக் கொண்டுவருவதா கார்டில் வைப்பதா என்று கேட்டிருந்தாய். போதாது. 2,500 கனடா டொலர் என்று வைத்துக்கொள். ஐந்து இலட்சம் ரூபாவைத் தாண்டும், பெரிய காசுதான். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன், எதைக் குறைக்கலாம் என்று நீயே பார்.

நானும் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். 2014 நவம்பரில் அண்ணன் வீட்டுக்கு இதே மாதிரி விசிட் விசாவில் வந்தேன், குடியேறியது அதற்குப் பிறகு. வந்த முதல் வாரம் அண்ணன் மகனுக்கு ஒரு பொம்மைக் கார் வாங்கப் போனேன். விலை 9.99 என்று ஒட்டியிருந்தது. கையில் சரியாகப் பத்து டொலர் தாள் ஒன்று. காசு வாங்கும் பிள்ளை 11.30 என்றது. இங்கே ஒட்டியிருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது, இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் 13 வீதம் கடைசியில்தான் ஏறும், ஒரு சத நாணயமும் ஒழிந்துவிட்டதால் தாளாகக் கொடுத்தால் ஐந்து சதத்துக்குச் சரிசெய்து வாங்குவார்கள். எனக்கு அது ஒன்றும் தெரியாது. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, காரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். அரிசி, பருப்பு, மரக்கறி, பால் போன்றவற்றுக்கு வரி இல்லை. உடுப்பு, பொம்மை, கடைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் உண்டு. உட்கார்ந்து சாப்பிடும் கடை என்றால் அதற்கு மேல் டிப்ஸ் 15 வீதமாவது வைப்பார்கள். ஆகவே ஒரு சாமானின் விலையைப் பார்த்ததும் பத்துக்கு ஒன்றரை கூட்டியே மனக்கணக்குப் போடு.

சரி, கணக்குக்கு வருவோம். பஸ், ரயில் ஒரு தடவைக்கு 3.30. கார்டில் தட்டி ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும், வந்த வழியே திரும்பினாலும், அதே காசுதான். அதனால் கடைக்கும் கோயிலுக்கும் தனித்தனியாக அலையாமல் ஒரே ஓட்டத்தில் முடித்துக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் போய்வந்தால் இருபது டொலர், ஆறு மாதத்துக்கு 500 சொச்சம். போன் மாதம் 25 என்று 150. வெளியே ஒரு தேத்தண்ணி, ஒரு ரோல்ஸ், எப்போதாவது ஒரு கொத்து ரொட்டி, வாரம் பத்து டொலர் வைத்தால் 260. குளிர் உடுப்புக்கு 150. நுவரெலியாக் குளிருக்குப் போட்ட சுவெட்டர் இங்கே ஏப்ரல் மாதத்துக்குத்தான் சரிவரும், ஜனவரிக்குப் பெரிய ஜக்கெட்டும் சப்பாத்தும் வேண்டும். ஜக்கெட்டை அங்கே கொழும்பில் தேடி வாங்காதே. இங்கே பழைய உடுப்புக் கடைகளில் இருபது முப்பது டொலருக்கு நல்லதாகவே கிடைக்கும். சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்கு.

அடுத்தது வாரம் 25 டொலர், அக்கா வீட்டுக்கு. இதைத்தான் நீ கணக்கில் எடுக்கவே இல்லை. "அக்காவிடம் எதற்குக் காசு" என்று நினைப்பாய், அவளும் வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். ஆனால் அங்கே வீட்டுக் கடன், கார் கடன், இரண்டு பேரும் ஷிப்ட் வேலை என்று இழுபறிதான், வெளியே தெரியாது. காசாகக் கொடுக்காதே. சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது மரக்கறிக்கும் மீனுக்கும் நீ முந்திக்கொண்டு காசைக் கொடு. நான் முதல் இரண்டு மாதம் அப்படிச் செய்யவில்லை. பஸ் காசுக்குக்கூட அண்ணியைக் கேட்டு நின்ற நாட்கள் உண்டு, அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஆனாலும் கேட்கும்போது என் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். உனக்கு அது வேண்டாம். ஆறு மாதத்துக்கு 650.

ஊருக்குக் கொண்டுபோகும் சாமானுக்கு 300. இதை வந்த அன்றே தனி உறையில் போட்டு ஒட்டிவிடு, கடைசி மாதம் வரைக்கும் தொடாதே. லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்குச் சொக்லேட் கொடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது, அது நமக்குத் தெரிந்ததுதான். முதல் மாதமே ஆசையாக வாங்கத் தொடங்கினால் கைக்காசில் பாதி அதிலேயே போய்விடும், பெட்டியும் நிறைகூடிப்போய் விமானத்தில் அதற்கும் கட்ட வேண்டிவரும். மிச்சம் 500 ஆபத்துக்கு. அதில் கை வைக்காமல் திரும்பினால் சந்தோஷம்.

இந்தக் கணக்கில் மருத்துவக் காப்புறுதி சேரவில்லை. விசிட்டில் வருபவர்களுக்கு இங்கே இலவச வைத்தியம் கிடையாது, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்தாலே நீ கொண்டுவந்த காசு முழுக்கக் காணாது. அதைப் புறப்படுவதற்கு முன்பே கட்டிவிட்டு வா. பல் ஏதும் குத்தினால் ஊரிலேயே பார்த்துக்கொள். வழமையாகக் குடிக்கும் மாத்திரை இருந்தால் 90 நாளுக்கு மேற்படாமல், டாக்டர் துண்டோடு, கைப்பையில்.

காசை இப்படிப் பிரி: 500 டொலர் தாளாக, மிச்சம் கார்டில். தாள்களை இருபதாகக் கேட்டு வாங்கு, நூறு டொலர் தாளைச் சின்னக் கடைகள் பல வாங்கமாட்டா. கனடா டொலர் வேண்டும் என்று வங்கியில் இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே சொல்லிவை, கொடுத்த ரசீதைத் தொலைக்காதே. கார்டு வெளிநாட்டில் வேலை செய்யுமா, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வெட்டுவார்கள் என்றும் அங்கேயே கேள். இங்கே மெஷின் "ரூபாவில் கழிக்கவா, டொலரிலா" என்று கேட்டால் டொலரையே அழுத்து, ரூபா என்றால் அவர்கள் வைத்த விலைக்கு மாற்றிவிடுவார்கள். ஐம்பது ஐம்பதாக எடுக்காதே, எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டணம் உண்டு.

அப்புறம் முதல் மாதம் எல்லாவற்றையும் ரூபாவாக்கிப் பார்ப்பாய். நான் வந்தபோது கனடா டொலர் 120 ரூபாவுக்குள், 2022 நெருக்கடியில் 200ஐத் தாண்டியது, இன்னும் இறங்கவில்லை. பஸ்ஸில் போய்வர 6.60 என்றால், 2024இல் தோட்டத்துக்கு நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைவிட அதிகம். அம்மா ஒரு நாள் முழுக்க வேலை செய்து முழுப்பேர் போட்ட காசு பஸ்ஸில் போகிறதே என்று மனம் கனக்கும், எனக்கும் கனத்தது. அதற்காக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே. வாரத்துக்கு இவ்வளவு என்று திங்கட்கிழமை எடுத்துவை, அந்த அளவுக்குள் எதையும் ரூபாவாக மாற்றிப் பார்க்காமல் செலவழி. நூலகம் இலவசம், வெயில் மாதிரிச் சூடாக இருக்கும், தமிழ்ப் புத்தகமும் பார்க்கலாம்.

அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் காசு திரட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். கைச்செலவுக்காக அடகு வைக்காதே. காசு போதாவிட்டால் ஆறு மாதத்தை மூன்றாகக் குறை, முக்கால் பங்குக் காசுக்குள் சமாளிக்கலாம். "அங்கே போய்க் கைக்காசுக்கு வேலை செய்து தோட்டை மீட்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதே, விசிட் விசாவில் வேலை செய்யக்கூடாது, பிடிபட்டால் அடுத்த தடவை வரும் வழியே அடைபடும்.

எந்த மாதம் வருகிறாய் என்று நீ எழுதவில்லை. டிசம்பருக்கு முன் என்றால் உன் அளவைச் சொல், நான் இரண்டு குளிர்காலம் போட்ட நீல ஜக்கெட் ஒன்று அலுமாரியில் சும்மா கிடக்கிறது.