எந்த அலுவலகம், எந்தக் காகிதம்? ஏற்றுமதி கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தொண்டிக்கும் சாயல்குடிக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் சரக்கு தயார், வாங்க ஆள் தயார், அதன் பிறகுதான் எந்த அலுவலகத்துக்குப் போவது என்ற கேள்வி. சரக்கு கிளம்பிய பிறகு சரிசெய்ய முடியாத காகிதங்கள் சில உண்டு. பதில்களில் அவற்றுக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: மண்டபத்தில் நண்டு, கணவாய் கொள்முதல் செய்து கம்பெனிகளுக்குக் கொடுத்து வருகிறேன். ஸ்பெயினில் உள்ள ஒருவர் நேரடியாகக் கேட்கிறார். நானே அனுப்ப முடியுமா? எங்கே தொடங்குவது?
– மண்டபம் வாசகர்

பதில்: முடியும். முதல் படி ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். இதை வழங்குவது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிஎஃப்டி. விண்ணப்பம் அவர்களுடைய இணையதளத்தில்தான். கட்டணம் 500 ரூபாய். உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாக வரும். பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருந்தால் வீட்டிலிருந்தபடியே முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் தேவையில்லை. சிக்கல் வந்தால் தென் மாவட்டங்களுக்கான டிஜிஎஃப்டி அலுவலகம் மதுரையில் இருக்கிறது.

இரண்டாவது, எம்பீடா. கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக்காக 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆணையம், தலைமையகம் கொச்சி. கடல் உணவு அனுப்பும் எவரும் இங்கே ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும். உங்களிடம் சொந்தப் பதப்படுத்தும் ஆலை இல்லாததால் மெர்ச்சன்ட் எக்ஸ்போர்ட்டர் என்ற வகையில் பதிவீர்கள். அதற்கு எம்பீடாவில் பதிவுபெற்ற ஆலை ஒன்றோடு ஒப்பந்தம் வேண்டும். சலுகைகளுக்குக் கேட்கப்படும் ஆர்சிஎம்சி என்ற உறுப்பினர் சான்றும் கடல் உணவுக்கு எம்பீடா தருவதுதான். விண்ணப்பம் டிஜிஎஃப்டி தளம் வழியாகப் போகும்.

எந்த ஆலையோடு ஒப்பந்தம் போடுகிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்பெயின் ஐரோப்பிய ஒன்றியத்து நாடு. எம்பீடா பதிவு மட்டும் உள்ள ஆலை அங்கே செல்லாது. ஏற்றுமதி ஆய்வுக் குழுமத்தின், அதாவது ஈஐசியின், ஒப்புதல் பெற்று ஐரோப்பியப் பட்டியலில் ஏறிய ஆலையாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் அச்சாகும் ஒப்புதல் எண்ணைக் கேட்டு வாங்கி, பட்டியலில் நீங்களே ஒருமுறை பாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு அந்த ஆலைக்கு வேறு நாடுகளுக்கான ஒப்புதல்தான் உண்டு என்று தெரிந்தால், சரக்கை உள்ளூர் விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு சான்றுகள் வேண்டும். சுகாதாரச் சான்று ஈஐசியின் கீழ் உள்ள ஆய்வு முகமையிடமிருந்து வரும். சரக்கு கிளம்புமுன் கையெழுத்தாகியிருக்க வேண்டும். மீன்பிடிச் சான்று எம்பீடாவிடமிருந்து. கள்ளத்தனமாகவும் கணக்கில் வராமலும் பிடித்த மீன் உள்ளே வரக்கூடாது என்று 2010 ஜனவரி முதல் ஐரோப்பா கேட்பது இது. எந்தப் படகு, அதன் பதிவு எண், எந்த நாளில் எங்கே இறக்கியது, என்ன இனம், எத்தனை கிலோ என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கம்பெனிக்குக் கொடுத்தவரை இந்தத் தலைவலி அவர்களுடையது, இனி உங்களுடையது. பத்து நாட்டுப்படகில் வாங்கிய நண்டை ஒரே கூடையில் கொட்டிவிட்டால் பிறகு எந்தப் படகு எது என்று சொல்ல முடியாது. கரையில் எடை போடும்போதே படகு எண்ணையும் கிலோவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். படகில் எழுதியிருக்கும் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் சான்று நிற்கும்.

கணவாய்க்கு இன்னொரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் கணவாய்க்குக் காட்மியம் எனும் நச்சு உலோகத்தின் உச்சவரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அந்தக் காட்மியம் பெரும்பாலும் சதையில் இல்லை, ஈரலிலும் குடலிலும்தான். ஓட்டுக்கணவாயைக் குடலோடு ஐஸில் நாள்கணக்கில் போட்டுவைத்தால், அல்லது முழுசாக உறையவைத்து உருக்கிப் பிறகு சுத்தம் செய்தால், ஈரல் கரைந்து சதைக்குள் இறங்கிவிடும். நல்ல கணவாய் ஆய்வில் தோற்பதற்கு இது ஒரு காரணம். இறக்கிய அன்றே குடல் நீக்கிச் சுத்தம் செய்பவரிடம் வாங்குங்கள். கிலோவுக்கு நாலு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

கேள்வி: முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, இனி வெளிநாட்டுக்கு அனுப்புவது சுலபமா?
– முதுகுளத்தூர் வாசகர்

பதில்: இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் குறியீடு கிடைத்தது. அது பெயருக்கான பாதுகாப்பு. ஏற்றுமதி அனுமதி அல்ல. அந்தப் பெயரைப் பையில் போட வேண்டுமென்றாலும் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும்.

ஏற்றுமதிக்கு நீங்கள் போகவேண்டிய இடம் ஸ்பைசஸ் போர்டு எனும் நறுமணப் பொருள் வாரியம். மசாலாப் பொருள் அனுப்ப அங்கே ஏற்றுமதியாளர் பதிவுச் சான்று கட்டாயம். அவர்களுடைய தர ஆய்வகம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. சிவகங்கையில் மிளகாய், மஞ்சளுக்கான மசாலாப் பூங்காவும் உண்டு.

மிளகாய் திரும்பி வருவதற்கு முதல் காரணம் அஃப்ளாடாக்சின் எனும் பூஞ்சை நஞ்சு. ஐரோப்பிய உச்சவரம்பு மொத்தம் 10 பிபிபி (நூறு கோடியில் 10 பங்கு), அதில் பி1 வகை 5 பிபிபிக்கு மேல் போகக்கூடாது. களத்து மண்ணில் நேரடியாகக் காயப்போடுவது, பாதி காய்ந்ததை இரவில் குவித்து மூடுவது, மூட்டை பிடிக்குமுன் உடையாமலிருக்கத் தண்ணீர் தெளிப்பது: இந்த மூன்றும்தான் பூஞ்சையைக் கூப்பிடுகின்றன. மூன்றாவது மிக மோசம். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், மூட்டையின் நடுவில் புழுங்கும். கண்டெய்னருக்குள் கடல் வெக்கையில் மீதி வேலை நடந்துவிடும். தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, ஈரப்பதம் 11 சதவீதத்துக்குக் கீழே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே சாக்கில் கட்டுங்கள். வியாபாரியிடம் வாங்கும் சரக்கானால் பத்து மூட்டையின் நடுவிலிருந்தும் மாதிரி எடுங்கள், வாய்ப்பக்கத்திலிருந்து மட்டும் அல்ல.

முழு மிளகாய்க்குச் சுங்கக் குறியீடு 0904 21-இல் தொடங்கும். பொடியென்றால் 0904 22. வாங்கும் நாடு கேட்டால் தாவர நலச் சான்று தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தில் வாங்க வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் உள்ள உறவினர் கடல் அட்டையும் சுறாப் பீலியும் கேட்கிறார். நல்ல விலை சொல்கிறார். லைசென்ஸ் எங்கே வாங்குவது?
– கீழக்கரை வாசகர்

பதில்: எங்கேயும் கிடையாது. கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். எல்லா வகைச் சுறாப் பீலியின், அதாவது சுறாத் துடுப்பின், ஏற்றுமதியையும் 2015 பிப்ரவரியில் டிஜிஎஃப்டி தடை செய்தது. கடல் குதிரையும் பவளமும் இதே கணக்குதான். இலங்கையில் அட்டைக்கு அனுமதி இருப்பதைச் சொல்லி, அங்கே கொண்டுபோய்க் காகிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அது கடத்தல். உறவினரிடம் வேறு சரக்கு கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நேற்றுவரை அனுப்பலாம் என்றிருந்த பொருளை ஒரே இரவில் தடை செய்கிறார்களே. ஒப்பந்தம் போட்டவன் என்ன செய்வது? இந்தக் கொள்கையை யார் தீர்மானிக்கிறார்கள்?
– பரமக்குடி வாசகர்

பதில்: 1992-ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தகச் சட்டப்படி மத்திய அரசு தீர்மானிக்கிறது, டிஜிஎஃப்டி அறிவிக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2023 ஏப்ரல் 1-இல் வந்த வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை. அதற்கு முடிவு தேதி இல்லை, அவ்வப்போது திருத்துகிறார்கள். டிஜிஎஃப்டியிடமிருந்து முக்கியமாக மூன்று விதமான தாள்கள் வரும். நோட்டிபிகேஷன் என்றால் கொள்கையே மாறுகிறது. பப்ளிக் நோட்டீஸ் என்றால் நடைமுறை மாறுகிறது. டிரேட் நோட்டீஸ் என்றால் விளக்கம், அல்லது கருத்துக் கேட்பு. நீங்கள் தினம் பார்க்க வேண்டியது முதலாவது.

பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு 2023 ஜூலை 20-இல் தடை வந்தபோது பலர் கையைப் பிசைந்தார்கள். இதுபோன்ற தடைகளுக்குப் பொதுவாகக் கொள்கையின் 1.05-ஆம் பத்தியில் இடைக்காலப் பாதுகாப்பு ஒன்று இருக்கிறது. தடை வருமுன்பே ரத்து செய்ய முடியாத எல்சி, அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம், திறக்கப்பட்டிருந்தால், தடை வந்த 15 நாளுக்குள் அந்த எல்சியை உங்கள் வட்டார டிஜிஎஃப்டி அலுவலகத்தில் பதிந்து, பொதுவாக அந்த அளவு சரக்கை அனுப்பலாம். அறிவிப்பிலேயே இந்தச் சலுகை இல்லை என்று எழுதியிருந்தால் செல்லாது; அந்த அரிசித் தடையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆகவே அறிவிப்பின் கடைசி வரி வரை படியுங்கள். வாட்ஸ்அப்பில் பேசி, அட்வான்ஸ் வாங்கி நடத்தும் வியாபாரத்துக்கு எல்சி வழிப் பாதுகாப்பு கிடையாது.

உங்கள் குரலும் அரசிடம் போய்ச் சேரலாம். கொள்கை மாற்றத்துக்கு முன் சம்பந்தப்பட்டவர்களிடம் கருத்துக் கேட்பதற்கான விதியை 2025 ஜனவரியில் கொள்கைக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். டிரேட் நோட்டீஸ் வரும்போது தனியாள் எழுதலாம். ஆனால் எம்பீடா, ஸ்பைசஸ் போர்டு, ஏற்றுமதியாளர் கூட்டமைப்பான ஃபியோ வழியாகப் போனால் எடை கூடும்.

கேள்வி: கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறேன். பணம் வராவிட்டால் அரசு இன்சூரன்ஸ் தரும் என்கிறார்களே?
– தொண்டி வாசகர்

பதில்: ஈசிஜிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தைச் சொல்கிறார்கள். 1957-இல் தொடங்கியது. இரண்டு வகை ஆபத்தை ஏற்கிறது. ஒன்று, வாங்குபவர் திவாலாவது அல்லது பணம் தராமல் இழுப்பது. மற்றது நாடு சார்ந்தது. 2022-இல் இலங்கையில் டாலர் கிடைக்காமல் போனபோது, நல்ல வியாபாரிகளாலும் பணம் அனுப்ப முடியாமல் போனதல்லவா, அது இந்த வகை.

முழுப் பணமும் வராது, பெரும்பாலும் 90 சதவீதம் வரைதான். அதுவும் ஒழுங்காக நடந்துகொண்டால். அனுப்புமுன் அந்த வாங்குபவருக்கு ஈசிஜிசியிடம் கடன் வரம்பு ஒப்புதல் வாங்க வேண்டும். மாதம் அனுப்பியதை அடுத்த மாதம் 15-க்குள் அறிவிக்க வேண்டும். கெடு தாண்டிய பணத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். பழகிய ஆள், அடுத்த வாரம் தருவார் என்று காத்திருந்து, ஆறு மாதம் கழித்துப் போய் நின்றால் கோரிக்கை நிற்காது.

கருவாட்டுக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது தரச் சண்டை. சரக்கில் பூச்சி, ஈரம் என்று சொல்லி வாங்குபவர் பணத்தை நிறுத்தினால், அவருடைய நாட்டு நீதிமன்றத்தில் நீங்கள் தீர்ப்பு வாங்கினால் ஒழிய ஈசிஜிசி தராது. ஆகவே ஏற்றும்போதே ஈரப்பத அறிக்கை, மூட்டை திறந்த நிலையில் தேதியோடு படம், முடிந்தால் மூன்றாம் தரப்பு ஆய்வுச் சான்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போதே, சரக்கு இறங்கி இத்தனை நாளுக்குள் குறை சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கேள்வி: தூத்துக்குடி வழியாக இரண்டு கண்டெய்னர் போனது. ஒன்றுக்கு ரோடெப் வந்தது, மற்றதுக்கு வரவில்லை. சரக்கு ஒன்றுதான்.
– இராமேஸ்வரம் வாசகர்

பதில்: இரண்டு ஷிப்பிங் பில்லையும், அதாவது சுங்கத்தில் தாக்கலான ஏற்றுமதிப் பத்திரங்களையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரோடெப் 2021 ஜனவரி 1 முதல் நடப்பது. ஏற்றுமதிப் பொருளுக்குள் ஒளிந்திருக்கும், வேறு வழியில் திரும்பாத வரிகளைத் திருப்பித் தரும் திட்டம். பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் ‘ரோடெப்ஒய்’ என்று கோரிக்கைக் குறி வைத்தால்தான் கணக்கில் வரும். சுங்க ஏஜென்ட் ‘ரோடெப்என்’ (வேண்டாம்) என்று விட்டுவிட்டால், கப்பல் போன பிறகு சுங்கச் சட்டம் 149-ஆம் பிரிவில் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்; கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குறி சரியாக இருந்தால் சுங்கக் குறியீட்டைப் பாருங்கள். உறையவைத்த நண்டு 0306, டப்பாவில் அடைத்துப் பதப்படுத்திய நண்டுச் சதை 1605. இரண்டுக்கும் விகிதம் தனித்தனி. பில் தாக்கலாகுமுன் வரும் செக்லிஸ்டை ஏஜென்டிடம் கேட்டு வாங்கி நீங்களே படியுங்கள்.

ஜிஎஸ்டி கட்டி அனுப்பியிருந்தால் அந்தப் பணம் நிற்பதற்குப் பொதுவான காரணம் எஸ்பி005 என்ற பிழை. ஜிஎஸ்டிஆர்-1 எனும் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கில் எழுதிய இன்வாய்ஸ் எண்ணும் ஷிப்பிங் பில்லில் உள்ள எண்ணும் வேறு என்று பொருள். ஒரு சாய்கோடு, ஒரு சுழியம் போதும். வரி கட்டாமல் அனுப்பும் எல்யுடி எனும் உறுதிமொழிக் கடித வழியில் போவதானால், ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்றுமதிப் பணம் வரும் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடு துறைமுகத்துக்குத் துறைமுகம் பதிய வேண்டியது. தூத்துக்குடிக்குப் பதிந்தது சென்னை விமான நிலையத்தில் செல்லாது.

கேள்வி: எங்கள் மகளிர் குழு ஓலைக்கொட்டானும் கருப்பட்டியும் செய்கிறது. மாதம் ஐந்தாறு பார்சல்தான். எங்களுக்கெல்லாம் ஏற்றுமதி சாத்தியமா?
– சாயல்குடி வாசகி

பதில்: கண்டெய்னர் வேண்டாம், அஞ்சலகம் போதும். டாக் நிர்யாத் கேந்திரா என்ற அஞ்சல் ஏற்றுமதி மையங்கள் இப்போது பல ஊர்களில் உண்டு. தபால் ஏற்றுமதிப் பில்லை இணையத்தில் நிரப்பி, பார்சலை அங்கே கொடுத்தால் சுங்கப் பரிசோதனை வெளிநாட்டு அஞ்சலகத்தில் நடக்கும். இதற்கும் ஐஇசி வேண்டும். குழுவின் பெயரில் பான் இல்லையென்றால் பொறுப்பாளர் ஒருவரின் பானில் வாங்கலாம். ஆனால் பணமும் வரிக் கணக்கும் அவர் பேரில்தான் வரும் என்பதைக் குழுவில் பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

போக வேண்டிய இடம் கொட்டானுக்குக் கைவினை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், கருப்பட்டிக்கு வேளாண், பதப்படுத்திய உணவுப் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபீடா. ஓலை தாவரப் பொருள் என்பதால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் கெடுபிடியாகப் பார்க்கும். பச்சை ஈரம், பூச்சி ஓட்டை, பூஞ்சைப் புள்ளி எதுவும் இருக்கக்கூடாது. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இளகும். காற்றுப் புகாத பையில் ஒவ்வொன்றாகக் கட்டி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், தயாரித்த தேதி, எடையோடு லேபிள் ஒட்டுங்கள். முதல் பார்சலைக் கொட்டான் மட்டும் வைத்து அனுப்பிப் பாருங்கள்.

ஐஇசி வாங்கியபின் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும், விவரம் எதுவும் மாறாவிட்டாலும்கூட. விட்டால் எண் முடங்கும். ஜூலையில் பார்சல் அஞ்சலகத்திலேயே நிற்கும்.