சாமந்தித் தொட்டி வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: போன தீபாவளிக்கு நர்சரியில் 250 ரூபாய் கொடுத்து ஒரு மஞ்சள் சாமந்தித் தொட்டி வாங்கினேன். இலையே தெரியாத அளவுக்குப் பூ. மூன்று வாரத்தில் எல்லாம் காய்ந்துவிட்டது. செடி சாகவில்லை. இந்த வருடம் இரண்டு மடங்கு உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, ஆனால் கார்த்திகை பிறந்தும் ஒரு மொட்டுகூட இல்லை. மட்டமான செடியைத் தலையில் கட்டிவிட்டார்களா? (சேலம் வாசகி)

பதில்: நானும் ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் உங்கள் பால்கனியில் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிறதா? விழுந்தால் நர்சரிக்காரரைத் திட்ட வேண்டாம். இருட்டு நீளும் காலத்தில்தான் சாமந்தி மொட்டு வைக்கும். இடையில் வெளிச்சம் பட்டால், இன்னும் கோடைதான் என்று நினைத்து இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும். பண்ணைக்காரர்களின் தொழிலே இதை வைத்துத்தான் நடக்கிறது. செடி வளர வேண்டிய நாட்களில் நள்ளிரவில் பல்பை எரியவிட்டு மொட்டைத் தடுப்பார்கள். பண்டிகைக்கு நாள் கணக்குப் பார்த்து விளக்கை நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் மாலையிலேயே கறுப்புத் துணியைப் போட்டு மூடுவார்கள்.

தொட்டியை இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். பகலில் நல்ல வெயில் வேண்டும், அது முக்கியம். மொட்டு கண்ணில் பட நாலு வாரம் போல ஆகும். பூ விரிய ரகத்தைப் பொறுத்து இரண்டு மாதமோ அதற்கு மேலுமோ ஆகலாம்.

உயரத்துக்குக் காரணம் வேறு. தொட்டிச் செடி குட்டையாக, பந்து மாதிரி தெரிவதற்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது வழக்கம். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் இயல்பான உயரத்துக்குப் போய்விடும். அப்புறம், அந்தத் தொட்டியில் இருந்தது ஒரே செடியா என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். நாலைந்து துண்டுகளை நெருக்கி நட்டு ஒரே புதர் போலக் காட்டுவதும் வழக்கம்தான். அதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். பிரித்து நட்டால் 250 ரூபாய்க்கு நாலு செடி!

பூத்து முடிந்ததும் தண்டைத் தரையொட்டி வெட்டுங்கள். அடியிலிருந்து புதுக் கன்றுகள் வெடித்து வரும். அவற்றைப் பிரித்து நட்டு, ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வரும்.

அடுத்த முறை வாங்கும்போது முழுக்க விரிந்த தொட்டியை விட்டுவிடுங்கள். பூவின் நடுவட்டத்தில் மஞ்சள் தூள் உதிர்கிறதென்றால் அதன் நாள் முடிகிறது. கால்வாசி விரிந்து, மீதி மொட்டிலேயே நிறம் எட்டிப்பார்க்கும் தொட்டிதான் வீட்டில் வெகுநாள் நிற்கும். மொட்டுக் காம்பைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக எள்ளைத் தூவினாற்போல் ஒட்டியிருந்தால் அது அசுவினி, சாறு உறிஞ்சும் பூச்சி. அடி இலைகளில் பழுப்புப் புள்ளி இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: சாமந்தித் தொட்டி வைத்தால் கொசு வராது என்று கடைக்காரர் சொன்னார். நம்பலாமா?

பதில்: பூவுக்காக வாங்குங்கள், கொசுவுக்காக வாங்காதீர்கள். பூச்சிக்கொல்லியாகும் பைரித்ரம் இதன் ஒன்றுவிட்ட சொந்தம், வெள்ளைப் பூ பூக்கும் வேறொரு செடி. கென்யாவில் அதை வயல் வயலாகப் பயிரிட்டார்கள். அதிலும் பூவைக் காயவைத்துப் பொடித்தால்தான் வேலைக்கு ஆகும், சும்மா தொட்டியில் நின்றால் கொசுவுக்கு ஒன்றுமே ஆகாது. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். சாமந்தி இலையைத் தின்றால் அவற்றுக்கு ஆகாது.

கேள்வி: ஆன்லைனில் ‘பெரிய சாமந்தி விதை, 10 நிறம்’ என்று வாங்கினேன். முளைத்து வந்தது துலுக்கச் சாமந்தி (செண்டுமல்லி). பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கேட்டுப் பாருங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு விளம்பரப் படத்தையும் செடியின் படத்தையும் சேர்த்து எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் சாமந்தியை விதையில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தில் பார்த்த அதே பூ விதையிலிருந்து வராது, கன்றோ நுனித்துண்டோதான் தாய்ச்செடியின் நகலாக வரும். இனி விதை உறை வந்தால் நடுவதற்கு முன் உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். கறுப்புக் குச்சி போல இருந்து, ஒரு முனையில் வெளிறிய குஞ்சம் இருந்தால் அது துலுக்கச் சாமந்தியேதான். மண்ணில் போடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.