எட்டு மாதம், இன்னும் தவழவில்லை

கேள்வி: மகனுக்கு 8 மாதம். நன்றாக இருக்கிறான், ஆனால் தவழவில்லை. மாமி வோக்கர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
– ஓர் இளம் தாய், சுன்னாகம்

பதில்: வோக்கர் வேண்டாம் தங்கச்சி. அது நடை பழக்காது, படியில் உருட்டிவிடும். விறாந்தையில் பாய் விரித்துப் பிள்ளையைக் குப்புற விடுங்கள். கைக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பனையோலைக் கிலுக்கை வைத்து, நீங்களும் எதிரே குப்புறப்படுத்துக் கூப்பிடுங்கள். என் மகள் கிலுக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. அம்மம்மா உருட்டிவிட்ட சிரட்டைக்குத்தான் ஆசைப்பட்டாள். முதல் கிழமை முழுக்கப் பின்பக்கமாகவே போனாள், முழங்கால் எல்லாம் சிவந்து. அதுவும் சரிதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு அளவுகளின்படி தவழ 13 மாதம்வரைகூட ஆகலாம். சில பிள்ளைகள் தவழாமலே நடக்கும். ஒரு கையையோ காலையோ மட்டும் இழுத்து அசைத்தால் உடனே கிளினிக்கில் காட்டுங்கள்.