கார் ஷெட்டில் ஹோம் தியேட்டர்: இந்த முறை வந்த கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஷெட்டின் நீளம், அகலம், உயரம் எதுவுமே இல்லை. "நடுத்தர சைஸ்", "ஒரு கார் தாராளமாக நிற்கும்" என்பதெல்லாம் அளவு ஆகாது. ஆல்ட்டோ நிற்கும் ஷெட் வேறு, இன்னோவா நிற்கும் ஷெட் வேறு. டேப் பிடித்து அளந்து, எந்தச் சுவர் பக்கத்து வீட்டைப் பார்க்கிறது என்று கையால் ஒரு படம் போட்டு அனுப்புங்கள். அளவு தெரியாமல் பதில் சொல்லவே முடியாதவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ரோலிங் ஷட்டரை அப்படியே விட்டு, உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டினால் போதுமா? – திருப்பூர்

போதாது. ஷட்டர் என்பது நூறு இடத்தில் ஆடும் தகரம். பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர், அதாவது சப்வூஃபர், ஒரு அடி அடித்தால் பட்டைகள் எல்லாம் சேர்ந்து கடகடக்கும். இரண்டு பக்கச் சட்டத்திலும் மேல் டிரம்மிலும் உள்ள இடைவெளி வழியாகச் சத்தமும் தூசியும் தாராளமாகப் போய்வரும். தெர்மாகோல் சத்தத்தைத் தடுக்காது, தீயை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

ஷட்டரைக் கழற்றிவிட்டு 9 இன்ச் செங்கல் சுவர் எழுப்பி இருபுறமும் பூசுங்கள். நாளை மறுபடி கார் விட வேண்டியிருக்கும் என்றால் ஷட்டருக்கு உள்ளே 2 இன்ச் விட்டு, அதைத் தொடாமல் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் நிறுத்தி, நடுவில் ராக் வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) வைத்து, உள்பக்கம் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு அடியுங்கள். முதல் அடுக்கின் இணைப்பும் இரண்டாம் அடுக்கின் இணைப்பும் ஒரே கோட்டில் வரக் கூடாது. செங்கல் அளவுக்கு வராது, ஆனாலும் தேறும்.

10க்கு 18 ஷெட், உயரம் 9½. எத்தனை இன்ச் திரை? 120 போடலாமா? – ஓசூர்

100. அதற்கே அகலம் 7¼ அடி வரும். 120 என்றால் கிட்டத்தட்ட 8¾ அடி. பத்தடிச் சுவரில் இடது, வலது ஸ்பீக்கரை எங்கே நிறுத்துவீர்கள்? இருக்கை திரையிலிருந்து 10, 11 அடியில் இருக்கட்டும். புரொஜெக்டர் வாங்கும் முன் அதன் த்ரோ ரேஷியோ பாருங்கள், அதாவது திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் லென்ஸ் நிற்க வேண்டும் என்பது. 1.5 என்றால் லென்ஸ் 11 அடியில் நிற்க வேண்டும். இதைக் கணக்குப் பார்க்காமல் சீலிங்கில் கொக்கி அடித்துவிட்டு அப்புறம் எழுதுகிறவர்கள் அதிகம்.

மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்? – சேலம்

அறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று லட்சத்தில் பாதியை அறைக்கு ஒதுக்குங்கள். முதலில் ஈரம், அடுத்து சத்தம், அடுத்து காற்று, அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர்.

மழைக்காலத்தில் ஷெட் தரை லேசாகக் கசியும். மேலே கார்பெட் போட்டால் சரியாகிவிடுமா? – கடலூர்

கார்பெட்டுக்கு அடியில் பூஞ்சை நன்றாக வளரும். ஷெட் தரை வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்து, தெருப்பக்கம் சரிந்து இருக்கும். கார் கழுவிய தண்ணீர் வெளியே ஓட அப்படிக் கட்டியது. அடியில் ஈரத்தடுப்பு அடுக்கும் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

2 அடிக்கு 2 அடி பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்முத்து கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. அப்படியானால் 250 மைக்ரான் பாலிதீன் விரித்து, ஓரங்களைச் சுவரில் அரை அடி ஏற்றி, அதன்மேல் கான்கிரீட் போட்டுத் தரையை உயர்த்துங்கள். வாசற்படி தெருவைவிட உயர்ந்தே இருக்க வேண்டும். தரை போடும் முன்பே கரையான் மருந்து: சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒரு துளை. கரையானுக்கு ப்ளைவுட் சட்டமும் கார்பெட்டும் விருந்து. எதையும் தொடங்கும் முன் ஒரு ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்துவிடுங்கள் என்று எப்போதும் சொல்வேன். யாரும் காத்திருப்பதில்லை.

ஷெட்டுக்குள் தண்ணீர் சம்ப் மூடியும் ஈபி மீட்டரும் இருக்கின்றன. மேலே மரத்தரை போட்டு மறைத்துவிடலாமா? – மதுரை

இரண்டையும் மறைக்காதீர்கள். சம்ப் கழுவ ஆள் இறங்க வேண்டும், மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வர வேண்டும். மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியனை வைத்து நீங்களாக நகர்த்தாதீர்கள். சம்ப் மூடியை அறைக்கு வெளியே விட்டுச் சுவர் எழுப்ப முடியுமா பாருங்கள். முடியாதென்றால் அந்த ஷெட்டை விட்டுவிடுவதே மேல். மூடி இடுக்கு வழியாக ஈரம் ஓயாமல் ஏறும். அடியில் வெற்றிடம் இருப்பதால் தரை மத்தளம் மாதிரி அதிரும்.

முட்டை அட்டை ஒட்டினால் சவுண்ட் ப்ரூஃப் ஆகிவிடும் என்கிறார்கள். இல்லை, கறுப்பு ஃபோம் ஷீட் நல்லதா? – நாகர்கோவில், ஈரோடு, இன்னும் நான்கு ஊர்கள்

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை. அறைக்குள் எதிரொலியை அடக்குவது வேறொரு வேலை. இரண்டுக்கும் பொருள் வேறு, செலவு வேறு. முட்டை அட்டையும் ஃபோமும் முதல் வேலையைச் செய்யவே செய்யாது. சத்தத்தைத் தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் 5, 6 டெசிபல் கூடுதலாகக் குறையும். காகிதக் கூழில் செய்த அட்டைக்கு என்ன எடை இருக்கிறது? பூசிய 9 இன்ச் செங்கல் சுவர் 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். அதன்மேல் முட்டை அட்டை ஒட்டினாலும் அதே 50தான்.

எடைக்கு அடுத்தது இடுக்கு. சுவர்ப் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மற்ற 99 பங்கு எப்பேர்ப்பட்ட சுவராக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவின் கீழ் இடுக்கு, ஏசி பைப் போன ஓட்டை, சுவிட்ச் பாக்ஸுக்குத் தட்டிய பள்ளம், எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பிவிசி கதவு வேண்டாம், 35 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமுள்ள, உள்ளே வெற்றிடம் இல்லாத ஃபிளஷ் டோர் போடுங்கள். மூன்று பக்கம் ரப்பர் கேஸ்கெட், கீழே கதவை மூடினால் தானாக இறங்கும் சீல். ஜன்னல் இருந்தால் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள்.

எதிரொலிக்கு வருவோம். ஒரு இன்ச் ஃபோம் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக உறிஞ்சும். பேஸ் பக்கம் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 22 அடி. ஒரு இன்ச் பஞ்சு அதை என்ன செய்யும்? நான்கு சுவரும் ஃபோம் ஒட்டிய அறையில் வசனம் செத்துக் கிடக்கும், பேஸ் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஸ்பீக்கர் சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை.

தேவையானது 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக் வூல், மேலே காற்றுப் புகும் துணி. வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், ரெக்சின் கூடாது. எங்கே வைப்பது? நீங்கள் இருக்கையில் உட்காருங்கள், ஒருவரைப் பக்கச் சுவரோடு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு பேனல். மூலைகளில் 4 முதல் 6 இன்ச் கனம். மொத்தத்தில் சுவரில் கால் பங்கு மூடினால் போதும்.

கடைசியாக, தீ. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடையில் விட்ட வாணம், சத்தத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றிக்கொண்டது. ஜன்னல் இல்லாத, ஒற்றைக் கதவு ஷெட்டில் அதே பொருளை ஒட்டி, அதன் பின்னாலேயே வயரும் ஓட்டுகிறீர்கள். ராக் வூல் எரியாது. வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்.

11க்கு 22, உயரம் 11. ஒரு இருக்கையில் பேஸ் இடிக்கிறது, பக்கத்து இருக்கையில் காணவே காணோம். – காரைக்குடி

அளவோடு எழுதியதற்கு நன்றி. கோளாறு அந்த அளவில்தான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 11 அடி இருந்தால், அதற்குள் மோதி மோதிப் பெருகும் ஒலி 51 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் 11, நீளம் அதில் இரு மடங்கு. ஆகவே மூன்று திசையும் ஒரே 51-இல் வந்து குவிகின்றன. ராக் வூலோடு சீலிங்கை ஒரு அடி இறக்கினால் உயரம் இந்தக் கூட்டிலிருந்து விலகும். ஒரு பெரிய சப்வூஃபருக்குப் பதில் இரண்டு சிறியது: முன் சுவர் நடுவில் ஒன்று, பின் சுவர் நடுவில் ஒன்று. இருக்கையைப் பின் சுவரோடு ஒட்டாமல், நீளத்தின் சரி பாதியிலும் போடாமல், திரையிலிருந்து 14 அடியில் வையுங்கள். கிராஸ் ஓவர், அதாவது எந்த ஒலிக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸ்.

தகரக் கூரை ஷெட். – பொள்ளாச்சி

வேண்டாம். உங்கள் ஊர் மழையில் வசனமே கேட்காது. கான்கிரீட் தளம் போட்ட பிறகு எழுதுங்கள்.

ஏசி போட்டும் ஒரு படம் முடிவதற்குள் தலை வலிக்கிறது. எத்தனை டன் போட வேண்டும்? – திருச்சி

டன் இல்லை, காற்று. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிக் குளிர்விக்கும், வெளிக்காற்றை உள்ளே விடாது. இடுக்கெல்லாம் அடைத்த அறையில் ஆறு பேர் மூன்று மணி நேரம் மூச்சு விட்டால் வேறென்ன ஆகும்? குழாய்க்குள் பொருத்தும் 6 இன்ச் இன்லைன் ஃபேன், நிமிடத்துக்கு நூறு கன அடி, உள்ளே சுற்றிலும் பஞ்சு பதித்த டக்டை இரண்டு வளைவு வளைத்துக் கொண்டுவாருங்கள். நேராக விட்டால் அது சத்தம் போகும் குழாய். காற்று வெளியேற எதிர் மூலையில் அதே மாதிரி இன்னொன்று. 200 சதுர அடிக்கு ஒன்றரை டன் போதும்.

புரொஜெக்டருக்கு 30 அடி எச்டிஎம்ஐ. சுவருக்குள் முக்கால் இன்ச் பைப் போட்டாயிற்று, கேபிள் நுழையவில்லை. – வேலூர்

நுழையாது. பிளக் தலையே பெண்டில் திரும்பாது. 2 இன்ச் பைப், எல்போ இல்லாமல் நீண்ட வளைவு, உள்ளே ஒரு இழுகயிறு. 4கே படத்துக்கு 15 அடிக்கு மேல் சாதாரணச் செம்புக் கேபிளை நம்பாதீர்கள். ஃபைபர் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, எந்த முனை புரொஜெக்டர் பக்கம் என்று தலையில் எழுதியிருக்கும். சுவருக்குள் விடும் முன் தரையில் நீட்டிப்போட்டு ஒரு படம் ஓட்டிப் பாருங்கள். பைப்பையெல்லாம் மூடும் முன் டேப்பை வைத்து போட்டோ எடுங்கள். ஸ்பீக்கருக்கு 14 கேஜ் தனிச் செம்பு. செம்பு பூசிய அலுமினியத்தைத் தலையில் கட்டுவார்கள், சுரண்டிப் பாருங்கள்.

ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல். எர்த் பின்னை எடுத்தால் நிற்கிறது. – கும்பகோணம்

எர்த் பின்னைத் திரும்பப் போடுங்கள். இன்றைக்கே. கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள், இரைச்சல் நின்றால் திருடன் அங்கே. அந்த வயரின் எர்த் தொடர்பைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் வாங்குங்கள். ரிசீவர், சப்வூஃபர், புரொஜெக்டர் மூன்றும் மெயின் போர்டிலிருந்து வரும் ஒரே தனி லைனில் இருக்கட்டும், மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஆர்சிசிபி சுவிட்ச் அவசியம். ஏசிக்கு வேறு லைன். டிம்மர் விளக்கு இருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

அபார்ட்மென்ட் ஸ்டில்ட் பார்க்கிங்கை மூன்று பக்கம் அடைத்து... – சென்னை

கூடாது. தனி வீட்டிலும் அனுமதி வாங்கிய பிளானில் பார்க்கிங் என்று காட்டிய இடமானால் முதலில் உங்கள் இன்ஜினீயரைக் கேளுங்கள்.

சுவருக்கு என்ன நிறம்? மனைவி ஐவரி என்கிறார். – கோவை

திரை இருக்கும் சுவரும், அதையொட்டி நான்கடிக்குப் பக்கச் சுவரும் சீலிங்கும் பளபளப்பு இல்லாத கரும் நிறம். வெள்ளை சீலிங் திரையின் வெளிச்சத்தைத் திருப்பித் திரைக்கே அனுப்பும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். பின் சுவர் ஐவரியாக இருக்கட்டும், சமாதானமாகப் போய்விடும்.

பின் வரிசைக்கு மேடை எவ்வளவு உயரம்? – தஞ்சாவூர்

9 இன்ச். ஏறி நின்றால் தலை ஃபேனிலோ புரொஜெக்டரிலோ இடிக்கிறதா என்று முதலில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறிப் பாருங்கள். ப்ளைவுட் மேடையானால் உள்ளே ராக் வூல் அடைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் மத்தளம்தான். அதன் கீழ் ஓடும் வயரையும் மூடும் முன் போட்டோ.