நோர்வே முன்னோரைத் தேடும்போது: பெயரை விடுங்கள், பண்ணையைப் பிடியுங்கள்

என் கணவர் வீட்டார் நோர்வேயின் மேற்குக் கரைக்காரர்கள். அவர்களுக்காகத் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்ட ஆரம்பித்தவள், பிறகு விடவே இல்லை. இந்தத் தடவை வந்த கேள்விகள் சிலவற்றுக்குப் பதில்.

அக்கா, என் மாமனாரின் தாத்தா பெயர் ஓலே ஹான்சன். தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹான்சன் என்றால் ஹான்ஸின் மகன், அவ்வளவுதான். நம் இனிஷியலை விரித்து எழுதியது போல. ஓலேயின் பிள்ளைகள் ஹான்சன் ஆக மாட்டார்கள். மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்டாட்டர். கல்யாணம் ஆனாலும் பெண் அப்பா பெயரையே வைத்துக்கொள்வாள். நிரந்தரக் குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்தது 1923இல்தான்.

பழைய பதிவுகளில் மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கும்: ஓலே ஹான்சன் பெர்கே. அந்த பெர்கேதான் உங்களுக்குத் தங்கம். அது அவர் குடியிருந்த பண்ணை. ஆனால் கவனம், அது விலாசம்தான். அடுத்த வருடம் ஹௌகே என்ற பண்ணைக்குப் போனால் அதே ஆள் ஓலே ஹான்சன் ஹௌகே ஆகிவிடுவார். மாமனாரிடம் தாத்தாவின் பெயரைக் கேட்டது போதும். எந்தத் திருச்சபை வட்டாரம், எந்தப் பண்ணை என்று கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது? காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல்ஆர்கிவே தளத்தில் எல்லாம் இலவசம். 1910 குடிமதிப்பில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) தொடங்குங்கள், பிறந்த தேதியே இருக்கும். பிறகு 1900, 1875, 1865 என்று பின்னால் போங்கள். இவற்றில் பிறந்த வட்டாரமும் வரும். 1801இல் வயது, தொழில், உறவுமுறை உண்டு, பிறந்த இடம் மட்டும் இல்லை. அதற்கும் 1865க்கும் நடுவில் நாடு முழுக்கப் பெயர்வாரியாக எடுத்த கணக்கே கிடையாது, தலைகளை மட்டும்தான் எண்ணினார்கள். அந்த இடைவெளியைத் தேவாலயப் பதிவேடுதான் நிரப்பும்.

1930 எப்போது கிடைக்கும் என்று இன்னொருவரும் கேட்டிருந்தார். நூறு வருட ரகசியம், 2030 டிசம்பர் வரை பொறுக்க வேண்டும்.

1788 ஞானஸ்நானப் பதிவில் தேதிக்குப் பதில் "டோம். 3 பி. திரின்." என்று இருக்கிறது. என்ன மொழி?

லத்தீன். திரித்துவ ஞாயிறுக்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு. பாதிரியார் திருநாளை வைத்துத்தான் நாள் சொல்வார். அந்த வருட ஈஸ்டரைக் கண்டுபிடியுங்கள். 1788இல் மார்ச் 23. எட்டு வாரம் கூட்டினால் திரித்துவ ஞாயிறு, மே 18. இன்னும் மூன்று வாரம் தள்ளினால் ஜூன் 8. அது ஞானஸ்நானம் நடந்த நாள், பிள்ளை பிறந்தது அதற்குச் சில நாள் முன்னால் இருக்கும்.

கையெழுத்து ஒன்றும் புரியவில்லை!

எனக்கும் முதல் மாதம் புரியவில்லை. கோதிக் எழுத்தில் 'e' பார்க்க 'n' போலவே இருக்கும். ஒரே பாதிரியாரின் பத்துப் பக்கத்தைத் தொடர்ந்து படியுங்கள், ஆளின் கை பிடிபட்டுவிடும். 1812க்குப் பிறகு இரண்டு பிரதிகள் எழுதச் சொன்னார்கள், ஒன்று பாதிரியார், மற்றது கோயில் உதவியாளர். தீப்பிடித்தால் இரண்டும் போகக் கூடாது என்று ஒரே கூரையின் கீழ் இரவு வைக்கக் கூடாதாம்! ஒன்று புரியாவிட்டால் மற்றதைத் திறந்து பாருங்கள்.

ஞானஸ்நானம் கிடைத்துவிட்டது. ஆள் உறுதிதானே?

அவசரப்படாதீர்கள். நான் ஒரு ஓலேயின் பின்னால் இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அந்தக் குழந்தை ஆறு மாதத்தில் இறந்திருந்தது. அடுத்துப் பிறந்த தம்பிக்கும் அதே பெயர். அன்றைக்கு அது சாதாரண வழக்கம். அதனால் இறப்புப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்புறம் ஞானப் பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள், பெயர்களையும். பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான். அதே ஆட்கள் அடுத்த பிள்ளைக்கும் வந்து நின்றால் குடும்பம் சரி.

அமெரிக்கா போனவர்களை?

தேவாலயப் பதிவேட்டிலேயே வட்டாரத்தை விட்டுப் போனவர்கள் பட்டியல் உண்டு. 1867 முதல் துறைமுகக் காவல்துறையின் புலம்பெயர்வோர் பதிவேடுகளும் இருக்கின்றன.

"ஹுஸ்மன்" என்றால்?

பண்ணையின் ஓரத்தில் குடிசையும் துண்டு நிலமும் வாங்கிக்கொண்டு, பதிலுக்குப் பண்ணைக்கு உழைத்துக் கொடுத்தவர். நிலம் அவருடையது அல்ல. 1865, 1875 குடிமதிப்பில் வீட்டுக்கு வீடு கால்நடையும் விதைப்பும் எழுதியிருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டு ஹுஸ்மனுக்கு ஒரு மாடு, நான்கு செம்மறி, விதைத்தது ஓட்ஸும் உருளைக்கிழங்கும். மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏழு பிள்ளைக்கு ஒரு மாடா?" என்றார்.